நடந்து வந்த குருசு

புதிதாக நில அளவைப் பணிக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு மாலை போட்டு உட்கார வைத்தீர்கள். ரோவர் கருவியைக் காட்டினீர்கள். ஒரு கம்பு, அதன் தலையில் ஒரு தொப்பி. அது வானத்தில் உள்ளவனிடம் கேட்டு, கல் இருக்க வேண்டிய இடத்தை விரற்கடை பிசகாமல் சொல்லிவிடுகிறது. வருடக்கணக்காக உப்புக்காற்றில் அளவுச் சங்கிலி இழுத்தவன் நான். எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்து கேட்டார்: "சார், கருவியே இவ்வளவு சரியா சொல்லுதே, அப்புறம் எதுக்கு சார் பக்கத்து நிலத்துக்காரங்க எல்லாருக்கும் நோட்டீஸ்? அது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே?"

நான் ஏதோ மழுப்பினேன். நல்லவேளையாக டீ வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தக் கேள்விக்கு என் பணிக்காலத்திலேயே ஒரு பதில் கிடைத்திருந்தது என்பதும், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் மழுப்பினேன் என்பதும் எனக்கே உறைத்தது. ஆகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை சொன்னது சரிதான். நாம் இன்றைக்கும் கையில் பிடித்திருக்கும் நில அளவை எல்லைகள் சட்டம் வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதியதுதான். தீர்வை வசூலுக்கு வசதியாக எழுதினான். நம் மேல் பாசம் வைத்து எழுதவில்லை. எல்லை காட்டும் நாளை அண்டை நிலத்துக்காரர் உட்பட எல்லாருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றான். தகராறு வந்தால் கேட்க வேண்டும், இந்த முடிவுக்கு ஏன் வந்தாய் என்று எழுதிவைக்க வேண்டும் என்றான். நட்ட கல்லைக் காப்பது நிலத்துக்காரன் பொறுப்பு. பிடுங்கினாலோ நகர்த்தினாலோ தண்டனை. இதில் கடைசி வரி மட்டும்தான் ஊர்களுக்குள் போய்ச் சேர்ந்தது. "கல்லைத் தொட்டா செயில்" என்பதைப் பிள்ளைகூடச் சொல்லும். நமக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நாம் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

பணியில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. முத்தையாபுரத்தில் அப்பாவின் பலசரக்குக் கடையில் உட்காராமல் அரசு வேலைக்கு வந்தவன் என்ற பெருமை ஒருபுறம். "இவன் கல்லை மோந்து பாத்தே எல்லை சொல்லிருவாம்லா" என்று தாலுகா அலுவலகத்தில் பேச்சு. அது கேலியா பாராட்டா என்று இப்போது சந்தேகம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

தருவைகுளத்துக்குப் போகிற வழியில் ஒரு சிறிய கடற்கரைக் குடியிருப்பு. பெயர் வேண்டாம். கரையை ஒட்டி நீளமாக அரசுப் புறம்போக்கு. முத்துக்குளிப்பு நடந்த நாளில் வியாபாரிகளும் காவல்காரர்களும் கொட்டகை போடுவதற்காக வெள்ளைக்காரன் ஒதுக்கிவைத்த இடம். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு; ஊரார் அதைச் சலாபத்துத் திடல் என்பார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோனது, திடல் மட்டும் பதிவேட்டில் நின்றது. அதற்கு மேற்கே மீனவர்களின் பட்டா வீடுகள். தென்கோடியில் ஒரு தென்னந்தோப்பு, காயல்பட்டினத்துக்காரர் ஒருவருடையது. அவர் துபாயில் இருந்தார், தோப்பு பூட்டிக் கிடந்தது.

மீன் இறங்குதளத்துக்குத் திடல் வழியாக ரோடு போட உத்தரவு வந்தது. திடலுக்கும் பட்டாவுக்கும் நடுவில் எல்லைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கோட்டுக்குக் கிழக்கே எந்தக் கட்டடம் இருந்தாலும் இடிபடும். அளக்க வேண்டியவன் நான்.

நோட்டீஸ் போட்டேன். நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதற்கு நம் அலுவலகத்தில் சார்வு என்று பெயர். ஆள் இல்லையென்றால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டியதை எழுத வேண்டும். தலையாரி சுடலை நல்ல மனிதர். "காயல்பட்டினத்துக்கு நான் போயி கதவுல ஒட்டிட்டு வாரேன் சார்" என்றார். நான்தான் தடுத்தேன். "ரெண்டு பஸ் மாறணும் அண்ணே. அவரு துபாய்ல இருக்காரு. ஒட்டுனா மட்டும் பறந்து வந்துருவாரா? ஒட்டினதா எழுதிக்கிடுவோம்." எழுதினேன். ஒரு வரி. பேனா தயங்கவே இல்லை.

அளவு நாள். வடகோடியில் இருந்தது பழைய எல்லைக்கல். நம் பழைய கருங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றின் தலையில் கூட்டல் குறிபோல உளி வெட்டு இருக்கும், குறுக்குக் கோடுகள் சந்திக்கும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கடற்கரைச் சனத்துக்கு அது கூட்டல் குறியல்ல, குருசு. சிலுவைக்குப் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். கல்லைச் சுற்றி மெழுகு உருகிக் கிடந்தது, பூமாலை காய்ந்து கிடந்தது. நான் மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சங்கிலியின் முனையைக் குருசின் நடுவில் வைத்தேன்.

ஒரு கல்லை மட்டும் நம்பி அளக்கக் கூடாது என்று உங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சரிபார்க்க வேண்டிய இரண்டு கற்கள் தோப்புக்குள் இருந்தன. தோப்பு பூட்டு. நோட்டீஸ் போயிருந்தால் சாவி வந்திருக்கும். நான் தோப்பு வேலியின் மூலையைக் குறியாக வைத்துக் கோட்டை இழுத்துவிட்டேன்.

கோடு எல்லா வீட்டையும் விட்டு விலகிப் போனது, ஒன்றைத் தவிர. வடகோடி வீட்டின் திண்ணையும் நடுவீடும் கோட்டுக்குக் கிழக்கே விழுந்தன. அடுப்படி மட்டும் மிஞ்சியது. பிரகாசியம்மாள் வீடு. ஐம்பது வயது இருக்கும் அப்போது. கணவர் சங்கு குளிப்பவர், இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த அம்மாள் கருவாடு காயப்போட்டு விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார். சுவரில் நான் சிவப்புப் பெயின்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை.

"சார், இது நடந்து வந்த குருசுலா" என்றார்.

"என்னம்மா?"

"நடந்து வந்த குருசு சார். இத வச்சா அளந்திய?"

பக்கத்தில் நின்ற ஆண்களில் ஒருவர், "ஏளா, சும்மா கெட, சார் வேலயப் பாக்கட்டும்" என்று அதட்டினார். மற்றவர்கள் மணலைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் கோயிலுக்குத்தான் கதை இல்லை? கடலில் மிதந்து வந்த சுரூபம், தானாக முளைத்த லிங்கம், அந்த வரிசையில் நடந்து வந்த குருசு. பக்தியோடு தலையாட்டிவிட்டுக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன். "நான் போடமாட்டேன் சார்" என்றார். எவ்வளவு சொல்லியும் போடவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'கையெழுத்திட மறுத்தார். காரணம் ஏதும் கூறவில்லை' என்று எழுதி மூடினேன்.

ஏழாம் நாள் இடிக்க வருவதாக முடிவானது.

அந்தச் சமயத்தில் எங்களுக்குப் புது ஆய்வாளர் வந்திருந்தார். ஆழ்வார்திருநகரிக்காரர், என்னைவிட ஒன்பது வயது இளையவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், ஆகவே ஆய்வாளரம்மா என்றே வைத்துக்கொள்வோம். தேர்வு எழுதி நேராக மேலே வந்தவர், வெயிலில் நின்றிருக்கவே மாட்டார் என்பது எங்கள் எல்லாருடைய எண்ணம். கோப்பை விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, காரணம் கூறவில்லைன்னு எழுதிருக்கியளே. அந்தம்மா வாயே தொறக்கலியா?"

"தொறந்தாவ மேடம். அது ஒரு சாமி கத" என்று சிரித்தேன். "எல்லைக்கல்லு நடந்து வந்த குருசாம்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"எங்கிருந்து நடந்து வந்துச்சாம்?"

நான் கோப்பைப் புரட்டினேன்.

"கேக்கலியா அண்ணாச்சி? ஒரு சர்வேயர்ட்ட கல்லு நடந்து வந்துட்டுன்னு ஒருத்தர் சொன்னா, எங்கிருந்து, எவ்வளவு தூரம்னுலா கேக்கணும்?"

தம்பிகளே, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாள் எனக்குக் கொடுத்தது சாட்சியம். நான் அதைக் கதை என்று காதில் போட்டுக்கொள்ளாமல் வந்திருக்கிறேன்.

ஆய்வாளரம்மா இன்னொன்றும் சொன்னார். "போயி கேளுங்க. யாரு நகத்துனாங்கன்னு கேக்காதிய, பயந்துருவாங்க. எங்கிருந்துன்னு மட்டும் கேளுங்க."

மறுநாள் காலை போனேன். பிரகாசியம்மாள் வலைத்துண்டு விரித்து மீனைப் பரப்பிக்கொண்டிருந்தார். சுவரில் என் சிவப்புக் கோடு. கேட்டேன்.

கையில் இருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொன்னா செயிலா சார்?"

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி விளங்கியது, மீதியைப் பிற்பாடு அவர்களே சொன்னார்கள். கடல் ஏறி ஏறிக் கல்லின் அடியைத் தொட்டிருக்கிறது. ஏற்றிய மெழுகுவர்த்தி நிற்கவில்லை. ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, எட்டுப் பேர் பாட்டுப் பாடிக்கொண்டே கல்லைக் கயிறு கட்டித் தூக்கி மேட்டில் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் அவர் கணவர். மற்றவர்களில் சிலர் நான் அளந்த அன்று பக்கத்தில்தான் நின்றார்கள். சர்க்கார் கல்லைத் தொட்டோம் என்று யார் சொல்வது? ஊரே சேர்ந்து ஒரு பேச்சு வைத்துக்கொண்டது: குருசு நடந்து வந்துட்டு. பயத்துக்குப் போட்ட பெயர் அது. வீடு போகிற நேரத்திலும் அந்த அம்மாள் ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல், ஊர் சொல்லும் அதே சொல்லில் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

"செயிலுன்னா மொதல்ல நாந்தான் போணும்மா" என்றேன். காயல்பட்டினத்து நோட்டீஸை ஒட்டாமல் ஒட்டினதாக எழுதியதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. பிறகு சுவரில் சாய்த்திருந்த, கடலில் வலை கிடக்கும் இடம் காட்டும் மிதவைக் கம்பை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார். பெரிய அலை மட்டும் வந்து தொடும் மணலில் இரண்டு முறை முன்னும் பின்னும் பார்த்து, ஓரிடத்தில் ஊன்றினார். "இங்கன."

சொல்லை மட்டும் வைத்துக் கோட்டை மாற்ற முடியாது, அளந்து காட்ட வேண்டும். அதற்குத் தோப்புச் சாவி வேண்டும். இரண்டு பஸ் மாறிக் காயல்பட்டினம் போனேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய தெரு. அந்த வீட்டு அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று, "எங்க கதவுல ஒரு நோட்டீசும் ஒட்டலயே" என்றார். "ஒட்டல. தப்பு என்னோடது" என்றேன். உள்ளே போய்த் துபாய்க்குப் போன் போட்டு, என் கையில் கொடுத்தார்.

தோப்புக்காரர் குரல் நிதானமாக வந்தது. "தோப்புல ரெண்டு கல்லும் பத்திரமா இருக்குது சார். கல்ல காக்குறது நிலத்துக்காரன் பொறுப்புன்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. வருசா வருசம் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்புறேன். சட்டப்படி நாங்க கல்ல காப்பாத்துறோம். நீங்க எங்களுக்கு ஒரு தாள் ஒட்டக்கூடாதா?"

"மன்னிச்சிருங்க காக்கா" என்றேன், அண்ணனுக்கு அந்த ஊர் வழங்கும் சொல்லில். வேறு என்ன சொல்ல? சாவி கொடுத்தார்கள், சாயாவும் கொடுத்தார்கள். முறைப்படி புது நோட்டீஸ் போட்டு நாள் குறித்து எல்லாருக்கும் சார்வு செய்யும்வரை இடிக்கும் வேலையை நிறுத்திவைக்க ஆய்வாளரம்மா தாசில்தாரிடம் பேசினார். நிறுத்துவதற்கு ஒரு காரணம் எழுத்தில் வேண்டும் என்றார் தாசில்தார். நான் எழுதிக்கொடுத்தேன்: நோட்டீஸ் ஒட்டப்படவில்லை, ஒட்டியதாக எழுதியது என் தவறு.

மறு அளவு நாள் ஊரே வந்திருந்தது. ஆய்வாளரம்மாவும் வந்தார், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மணலில் நின்றார். தோப்பின் இரண்டு மூலைக் கற்களிலிருந்தும் நிலத்தின் பழைய வரைபடமான புலப்படத்தில் உள்ள தூரங்களைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்தோம். பிரகாசியம்மாள் ஊன்றிய கம்பு அங்கேயே நின்றது. இரண்டு சங்கிலியும் சந்தித்த இடத்தில் சுடலை முளைக்குச்சியை அடித்தார். கம்புக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

கல் நடந்து வந்திருந்தது நாற்பத்தைந்து லிங்க்ஸ், ஏறக்குறைய ஒன்பது மீட்டர். புதுக் கோடு பிரகாசியம்மாள் வீட்டுப் படிக்கு முன்னால் நாலு எட்டு தள்ளிப் போயிற்று. அந்த அம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. உப்புக்காற்று என்று சுடலையிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. சரியான இடத்தில் புதுக் கல் நட்டாயிற்று. பழைய கல்லை என்ன செய்வது? அளவுக்குறியோடு ஒரு எல்லைக்கு இரண்டு கல் நிற்கக் கூடாது. குறியைச் செதுக்கி எடுக்கலாமென்றால் குறிதான் குருசு. உளியோடு யார் கிட்டே போவது? ஊரார் முகம் இறுகிவிட்டது. ஆய்வாளரம்மா கோப்பை வாங்கி, மண்டியிட்டு, முழங்காலில் வைத்து எழுதினார்: 'மேட்டில் உள்ள கல் எல்லைக்கல் அன்று. ஊரார் வழிபடும் குருசு.' வாசித்துக் காட்டினார். முதல் நாள் அதட்டிய அதே ஆள், "மேடம், கலர் சோடா குடிக்கியளா?" என்று ஓடினார்.

நான் தாளை நீட்டினேன். பிரகாசியம்மாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பழைய தாளில் 'காரணம் ஏதும் கூறவில்லை' என்ற வரியை அடித்துவிட்டு, 'குருசு நடந்து வந்தது என்றார். நான் விசாரிக்கவில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்.

பொய்ச் சார்வுக்காக எனக்கு எழுத்துமூலமான கண்டனம் வந்தது. என் பணிப்பதிவேட்டில் அது ஒன்றுதான். வந்த அன்று அவமானமாக இருந்தது. இன்றைக்கு என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கையெழுத்துப் போட மறுத்த அந்த அம்மாளுக்கும், சிரிக்காமல் கேள்வி கேட்ட அந்த ஆய்வாளருக்கும், கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த காயல்பட்டினத்து வீட்டுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். அவர்கள் இல்லையென்றால் ஒரு வீட்டை இடித்துவிட்டு, சரியாக வேலை செய்ததாக நினைத்துக்கொண்டே ஓய்வு பெற்றிருப்பேன்.

தங்கை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கருவி தப்பாகச் சொல்லாது. ஆனால் எந்தக் கல்லில் தொடங்குவது என்பதை அதற்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். உங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்லித்தர வேண்டும். அவர்களை வரவழைக்கத்தான் அந்த நோட்டீஸ். எழுதியவன் எதற்காக எழுதினானோ, நமக்கு அது இதற்கு உதவுகிறது.

அந்தக் கடற்கரை மறு அளவைக்கு வருகிறது என்று உங்கள் வகுப்பில்தான் கேள்விப்பட்டேன். மனம் கேட்காமல் போன வாரம் ஒரு நடை போய் வந்தேன். தோப்புக்காரர் துபாயை விட்டு வந்துவிட்டார், காயல்பட்டினத்தில்தான் இருக்கிறார். கதவைத் தட்டினால் திறப்பார். பிரகாசியம்மாளுக்கு இப்போது பார்வை கொஞ்சம் மட்டு. அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார், என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். மேட்டில் குருசுக்குப் பக்கத்தில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்து இன்னொரு கல் நின்றது. நான் நட்ட கல். கடல் மறுபடி ஏறியிருக்கிறது.

"ஒங்க கல்லும் நடந்து வந்துட்டு சார்" என்றார், சிரிக்காமல்.

"எங்கிருந்தும்மா?" என்றேன்.

சுவரைத் தடவி மிதவைக் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.